ஓசூருக்கு குடிபோறீங்களா? வாடகைக்கு முன்னாடி எல்லைக் கோட்டைக் கணக்குப் போடுங்க!

பெங்களூருவில் வேலை, ஓசூரில் வீடு. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தமிழர்களிடம், வீட்டு ஓனர் வாடகையை ஏற்றும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும் யோசனை இது. கேட்டவுடன் நியாயமாகத்தான் தெரியும். பெங்களூருவைவிட வாடகை குறைவு, கிளைமேட் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சி, கடைக்குப் போனால் தமிழ், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தாலும் பாஷைப் பிரச்னை இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஏறினால் நேராக ஆபீஸ். வேறென்ன வேண்டும்?

சிக்கல் என்னவென்றால், பலரும் இந்தக் கணக்கை வாடகையில் ஆரம்பித்து வாடகையிலேயே முடித்துவிடுகிறார்கள். ஓசூர், சென்னைக்குத் தாம்பரம் மாதிரியோ ஆவடி மாதிரியோ ஒரு புறநகர் கிடையாது. நடுவில் ஒரு மாநில எல்லை ஓடுகிறது. இந்தப் பக்கம் ஜூஜூவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் அந்த எல்லை கண்ணுக்கே தெரியாது. ஆனால் வண்டி, பள்ளிக்கூடம், பஸ் டிக்கெட், கல்லூரி சீட் என்று வாழ்க்கையின் முக்கியமான இடங்களில் திடீரென்று முளைத்து நிற்கும்.

ஓசூர் சிலருக்கு அருமையான முடிவு, சிலருக்குப் பெரிய தலைவலி என்பதுதான் என் கருத்து. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை வாடகை முடிவு செய்யாது. உங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது, குழந்தை எந்த வகுப்பு படிக்கிறது, இந்த இரண்டும்தான் முடிவு செய்யும்.

எதிரெதிரே வளர்ந்த இரண்டு ஊர்கள்

கொஞ்சம் பின்னணி. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் கடைசியில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் பகுதியில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கியது. கிட்டத்தட்ட அதே காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் சிப்காட் மூலம் ஓசூரில் தொழிற்சாலைகள் வந்தன. டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், பிறகு டைட்டன் என்று ஊரின் முகமே மாறியது. ஆக, ஓசூர் பெங்களூரு ஊழியர்கள் தூங்குவதற்காக உருவான ஊர் இல்லை. அதற்கென்று சொந்தமாக வேலைவாய்ப்பு உள்ள ஊர். 2019-ல் மாநகராட்சியாகவும் ஆனது. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு உற்பத்தித் துறை வேலை, இன்னொருவருக்கு ஐ.டி. வேலை என்றால், இந்த ஊரைப்போல வசதியான இடம் சுற்றுவட்டாரத்தில் வேறு இல்லை. இதை ஓசூருக்கு ஆதரவான முதல் வாதமாகவே வைக்கலாம்.

44 மணி நேரத்தின் விலை என்ன?

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி 20 முதல் 25 கிலோமீட்டர். வீடு எந்த ஏரியா, ஆபீஸ் எந்த ஃபேஸ் என்பதைப் பொறுத்து மாறும். தூரம் பெரிய விஷயமே இல்லை. அத்திப்பள்ளியிலும் சந்தாபுராவிலும் காலையில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓசூருக்கு மாறினால் வாடகையில் மாதம் 10,000 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவாகிறது. மாதம் 22 வேலை நாள் என்றால் 44 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 227 ரூபாய். இதில் பெட்ரோல், காராக இருந்தால் அத்திப்பள்ளி டோல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் தொகைக்கு உங்கள் ஒரு மணி நேரத்தை விற்கத் தயாரா? வாரத்தில் இரண்டு நாள்தான் ஆபீஸ் என்றால் இதே கணக்கு தலைகீழாக மாறி, ஓசூர் ஜெயித்துவிடும். ஹைபிரிட் வேலைக்காரர்களுக்கு இந்த ஊர் இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் "இனி அஞ்சு நாளும் வரணும்" என்று ஒரு மெயில் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே யோசித்து வைத்துவிடுங்கள்.

ஆபீஸ் பொம்மசந்திரா, ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டி வட்டாரத்தில் என்றால் ஓசூர் சரிப்படும். ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி, அவுட்டர் ரிங் ரோடு என்றால் என்னைக் கேட்டால் வேண்டாம். சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலச் சாலை 2010-லிருந்தே இருக்கிறது. ஆனால் அது உங்களைக் கொண்டுபோய் விடுவது சில்க் போர்டில். பெங்களூருவில் வேலை பார்த்த யாரிடமாவது சில்க் போர்டு ஜங்ஷனைப் பற்றிக் கேளுங்கள், அவர்கள் விடும் பெருமூச்சே பதில் சொல்லும்.

மெட்ரோ வரும், ஏர்போர்ட் வரும்... எப்போ?

ஓசூரில் மனை விற்பவர்களின் பேச்சில் இந்த இரண்டும் கட்டாயம் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

நம்ம மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. ஆர்.வி. சாலை முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், 16 நிலையங்கள். எலக்ட்ரானிக் சிட்டி நடுவழியில் வந்துவிடுகிறது. தொடக்கத்தில் மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று என்றுதான் ஓடியது. பிறகு ரயில்கள் கூடின. ஓசூர்வாசிகளுக்கு இது நிஜமாகவே நல்ல செய்தி. பொம்மசந்திரா வரை பஸ்ஸில் போய்விட்டால், அதற்கப்புறம் டிராபிக் பற்றிக் கவலையில்லை.

ஆனால் பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரையிலான சுமார் 20 கிலோமீட்டர்தான் இன்னும் காகிதத்தில் இருக்கிறது. இதற்கான சாத்தியக்கூறு ஆய்வைச் சென்னை மெட்ரோ நிறுவனம் மேற்கொண்டது. இங்கே ஒரு தொழில்நுட்ப முட்டுக்கட்டை உண்டு. பெங்களூரு மெட்ரோ, தண்டவாளத்தின் ஓரமாகச் செல்லும் மூன்றாவது தடத்திலிருந்து 750 வோல்ட் நேர் மின்சாரம் எடுக்கிறது. சென்னை மெட்ரோ, தலைக்கு மேலே செல்லும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறு மின்சாரம் எடுக்கிறது. எந்த முறையில் கட்டுவது என்பதே ஒரு கேள்வி. இன்னொரு முறையில் கட்டினால் ஒரே ரயில் ஓசூரிலிருந்து நேராக ஓடாது, இடையில் இறங்கி மாற வேண்டியிருக்கும். பணம் யார் போடுவது, யார் இயக்குவது என்ற அரசியல் இதற்கும் மேலே.

விமான நிலையக் கதை இன்னும் நீளம். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று முதல்வர் ஸ்டாலின் 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. மைசூரு, ஹாசனுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. நிபந்தனை தளர்த்தப்படலாம், தளர்த்தப்படாமலும் போகலாம். அதுவரை "ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல பிளாட்" என்பது வெறும் விளம்பர வாசகம்.

நீங்கள் குடியேறுவது இன்றைக்கு இருக்கிற ஓசூருக்கு. எனவே கணக்கையும் இன்றைய ஓசூரை வைத்தே போடுங்கள். மெட்ரோ வந்தால் அது போனஸ்.

உங்கள் வண்டி எந்த மாநிலத்தில் தூங்குகிறது?

வேடிக்கையான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் சட்டம் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும்.

பெங்களூருவில் வாங்கிய கே.ஏ. 51 வண்டியோடு ஓசூருக்கு வருகிறீர்களா? பழைய ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஓசூரில் டி.என். 70 எண்ணுக்கு மாற்றி, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதமுள்ள காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு அலைச்சல் தனி. புதிய கார் என்றால் இது சின்னத் தொகையில்லை. வாடகையில் மிச்சம் பிடித்த சில மாதப் பணத்தை இது ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

தலைகீழாக, டி.என். வண்டியில் தினமும் பெங்களூரு போய் வருபவர்களுக்கு வேறு விதமான எரிச்சல். வண்டி நிஜமாகவே ஓசூரில்தான் இருக்கிறது, ஆனால் தினமும் பார்ப்பது கர்நாடகப் போலீஸ். வாடகை ஒப்பந்தம், முகவரிச் சான்று ஆகியவற்றின் நகலை வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் வேலை என்றால், புது வண்டிக்கு 2021-ல் வந்த பி.ஹெச். வரிசை எண் எடுக்கலாம். பெரிய ஐ.டி. கம்பெனி ஊழியர்களில் பலருக்கு இது பொருந்தும். ஆனாலும் பலர் விசாரிப்பதே இல்லை.

குழந்தை எந்த வகுப்பு? இதுதான் பெரிய கேள்வி

மற்றதையெல்லாம் பணம் கொடுத்துச் சரிக்கட்டலாம். இதை முடியாது.

தமிழ்நாட்டில் 2006 தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடம். பெங்களூருவில் கன்னடமும் இந்தியும் படித்துவிட்டு ஏழாம் வகுப்பில் ஓசூருக்கு வரும் பிள்ளை, வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்தில் தடுமாறும். பேசத் தெரிவதும் பரீட்சை எழுதுவதும் வேறு வேறு. ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ மாறினால் ஒரு வருஷத்தில் சரியாகிவிடும். எட்டாம் வகுப்பில் மாறினால் அது அந்தப் பிள்ளைக்கு டியூஷனும் கண்ணீரும்தான்.

அதைவிடப் பெரியது கல்லூரி சீட். கர்நாடகத்தின் சி.இ.டி. ஒதுக்கீட்டில் பொதுவான தகுதிக்குக் குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரையும், மருத்துவத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரையும் இங்கேயே படித்திருந்தால் வழி சுலபம். இல்லாவிட்டால் பெற்றோரின் பிறப்பிடம், இருப்பிடச் சான்று என்று தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டும். பூர்வீகம் தமிழ்நாடு என்றால் அந்தச் சான்று கிடைக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு தலைமுறையாகக் கர்நாடகத்தில் இருக்கும் குடும்பங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை ஆறு ஆண்டு அங்கே படித்த நிலையில் மாறினால், அந்தப் பக்கம் 7 ஆண்டும் முடியாமல், இந்தப் பக்கம் சான்றும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளலாம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சின்னச் சின்னதாக மாறும் என்பதால், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இதனால்தான் சொல்கிறேன், குழந்தை இல்லாதவர்களும் ஒன்றாம் வகுப்புக்கு முன் குழந்தை உள்ளவர்களும் தைரியமாக மாறலாம். ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை இருந்தால் எவ்வளவு வாடகை மிச்சமானாலும் இப்போது வேண்டாம்.

அக்காவுக்கு இந்தப் பக்கம் ஃப்ரீ, அந்தப் பக்கம் டிக்கெட்

தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் சக்தி திட்டம். இரண்டு மாநிலத்திலும் இலவசம் என்றால் ஓசூர் பெண்ணுக்கு முழு வழியும் இலவசம்தானே? இல்லை. சக்தி திட்டத்துக்குக் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஓசூர் டவுன் பஸ்ஸில் சும்மா ஏறி வந்த பெண், எல்லை தாண்டிப் பெங்களூரு பஸ்ஸில் ஏறியதும் பர்ஸைத் திறக்க வேண்டும். பக்கத்து சீட்டில் அதே ஆலைக்கு வேலைக்குப் போகும் அத்திப்பள்ளிப் பெண்ணுக்குக் கட்டணமில்லை.

வரிப் பக்கம் வந்தால் இன்னும் சுவாரசியம். சம்பளம் 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் மாதம் 200 ரூபாய் தொழில் வரி கர்நாடகத்துக்குப் பிடிக்கப்படும், ஏனென்றால் வேலை அங்கே. ஆனால் உங்கள் குப்பையை அள்ளுவதும், தெருவிளக்கு போடுவதும், சாலை போடுவதும் ஓசூர் மாநகராட்சி. இத்தனைக்கும் நாட்டில் 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காததால், பல திட்டங்களுக்கு அந்தப் பழைய எண்ணிக்கையே அடிப்படை. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்குமுன் மாறுகிறவர்கள் ஓசூரில் பெயரைச் சேர்க்கத் தவற வேண்டாம். வாக்காளர் பட்டியலும் அப்படித்தான், படிவம் 8 போதும். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நாளன்று, வேலை வேறு மாநிலத்தில் இருந்தாலும் சம்பளத்துடன் விடுமுறை கேட்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு உரிமை தருகிறது. ஹெச்.ஆருக்கு இது தெரியாமல் இருந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

எல்லை கண்ணுக்குத் தெரியும் நாட்கள்

2016 செப்டம்பர் 12. காவிரிப் பிரச்னையில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. 2020 பொதுமுடக்கத்தில் எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். 2023 செப்டம்பர் கடைசியில் ஒரே வாரத்தில் பெங்களூரு பந்த், கர்நாடக பந்த் என்று இரண்டு. தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஓசூர் எல்லையிலேயே நின்றன. 2024 ஜூலையில், தனியார் வேலைகளில் மேலாண்மைப் பணிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்ற மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொழில் துறையினர் எதிர்த்ததும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான நாட்களில் இரண்டு பக்க மக்களும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்துகட்டிப் பேசிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பந்த் அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிகிற ஐ.டி. ஊழியருக்கும், போகாவிட்டால் சம்பளம் இல்லாத ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் அந்த எல்லை ஒன்றல்ல. ஓசூருக்கு மாறலாமா என்ற கேள்வியை முதலாமவரை மட்டும் மனதில் வைத்து எழுதுவது சரியாக இருக்காது.

வீடு பார்க்கும்போது...

தண்ணீரை முதலில் கேளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, போர்வெல் மட்டும்தானா? ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குத் தென்பெண்ணையில் வரும் தண்ணீரில் பெங்களூருவின் கழிவும் கலந்து, நுரை பொங்கும் படங்களை நீங்களே செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பெங்களூருவை விட்டு வந்தாலும் பெங்களூரு உங்களை விடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா!

அட்வான்ஸ் விஷயத்தில் தமிழ்நாட்டுச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். பத்து மாத அட்வான்ஸ் பெங்களூருவில் பழகிப்போன ஒன்று. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அந்த "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி" என்ற ஓட்டையை ஓனர்கள் நன்றாகவே அறிவார்கள், எனவே கையெழுத்துக்கு முன் படியுங்கள். எழுத்துபூர்வ ஒப்பந்தமும் பதிவும் அவசியம். மேலே சொன்ன வண்டிப் பிரச்னைக்கும் அந்தக் காகிதம்தான் துணை.

வாங்குவதைப் பற்றி? முதல் வருஷம் வாடகைக்கு இருங்கள், அவ்வளவுதான் சொல்வேன். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இதுவே 4.5 லட்சம். ஆறு மாதத்தில் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டுக்கு மாறினால் அந்தப் பணம் திரும்பாது. அப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்றால் டி.டி.சி.பி. அனுமதி, ரெரா பதிவு எண் இரண்டையும் இணையத்தில் நீங்களே சரிபாருங்கள், புரோக்கர் அனுப்பும் பி.டி.எஃப்.ஐ நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். வாடகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பும் ஒரு திங்கட்கிழமை காலை, நீங்கள் நிஜமாகக் கிளம்பும் நேரத்தில், ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் ஆபீஸ் வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கக் கூட்டிப்போகும் புரோக்கரின் காரில் அந்தச் சாலை வேறு மாதிரி தெரியும்.

மெட்ரோவுக்கு இரு மாநிலங்களும் பேசி முடிக்க ஆண்டுகள் ஆகட்டும். அதுவரை செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ வாசல் வரை, காலை மாலை நேரங்களில் அடிக்கடி ஓடும் ஒரு நேரடிப் பேருந்து. எல்லை தாண்டித் தினமும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு, எந்த மாநில முகவரியாக இருந்தாலும் செல்லும் ஒரு பாஸ். இரண்டுக்கும் நிலம் எடுக்க வேண்டியதில்லை, தூண் எழுப்ப வேண்டியதில்லை. இரண்டு போக்குவரத்துத் துறைகள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.